யூஃபீமியா விட்டுப்போன பாட்டு

உமுநெலு ஊரில் யாரும் எதையும் மறைக்க முடிவதில்லை. பழைய எனுகு சாலையோரம், தாக்போவின் பஞ்சர் கடை முற்றத்தில், உடாலா மரத்தின் கீழ்க்கிளைக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து ஒரு பாட்டு வருகிறது. பாடுவது ஒரு பெண். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல். பின்னால் ஒரு கீபோர்டு. முற்றத்தில் நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் என்ன செய்தார், இனி என்ன செய்யப்போகிறார் என்பதைச் சாவகாசமாகப் பாடும். மழைக்காலத்தில் குரல் நன்றாக இருக்கும். புழுதிக்காற்று மாதங்களில் தொண்டை கட்டிக்கொண்டு முணுமுணுப்பதோடு சரி. இது எங்கள் ஊர்ப் பாட்டு அல்ல. சினிமா நடிகை யூஃபீமியா அனேக்வே டயர் பஞ்சராகி இங்கே இறங்கிய அன்று விட்டுப்போனது. அந்தச் சம்பவத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நான் அதே மரத்தடியில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். கைச்சரக்கைச் சேர்த்தால் தலைக்கு மேலே என் பெயர் வந்துவிடும், அதனால் நம்பிக் கேட்கலாம்.

யூஃபீமியாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. கேசட் போய்ச் சிடி தட்டு வந்த காலத்தில் மாமியார் என்றால் அவள்தான். மருமகளின் பால்பவுடரில் சுண்ணாம்பு கலப்பாள். மகனுக்குப் பணக்காரப் பெண்ணைக் கட்டிவைக்க, வீட்டில் இருப்பவளைப் பெட்டியோடு தெருவில் தள்ளுவாள். கடைசி அரைமணி நேரத்தில் பைத்தியம் பிடித்து, கந்தலோடு சந்தையில் திரிந்து, செய்ததையெல்லாம் ஒப்புக்கொள்வாள். எங்கள் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. கதை சூடுபிடிப்பதற்குள்ளேயே பாட்டு வந்துவிடும். இவள் அவளுக்கு விஷம் வைப்பாள், அவன் அழுவான், பாதிரியார் வருவார் என்று முழுக்கதையையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் ஓயும். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லி எங்களைக் கேலி செய்வார்கள். நடக்கப்போவது தெரிந்தால்தானே மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து அழ முடியும்? யூஃபீமியா ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படத்துக்கு ஓடியதில், எந்தப் படத்தின் பாட்டோ ஒன்று வழி தெரியாமல் அவள் பின்னாலேயே வந்துவிட்டது. படத்தில்தான் அவள், நேரில் அவர். நேரில் அந்தம்மா யாரையும் ஏறிட்டு ஒரு வார்த்தை பேசத் தயங்குகிறவர், சேவலைக் கண்டால் ஒதுங்கி நிற்பவர். பாட்டு பின்னால் வந்ததிலிருந்து அவருக்கு வாழ்க்கையே சங்கடமாகிவிட்டது. பெட்ரோலில் கைவைத்ததைப் பாட்டு பாடியதால் டிரைவர்கள் நிலைக்கவில்லை. காணிக்கைத் தட்டு சுற்றிவரும் நேரம் பார்த்து அது வாயைத் திறந்ததால், இனி வீட்டிலிருந்தே ஜெபித்தால் போதும் என்று பாதிரியாரே பணிவாகக் கேட்டுக்கொண்டார். வெங்காயம் வாங்கக்கூட முடியாது. பையில் எவ்வளவு இருக்கிறது என்று அது கடைக்காரிக்குச் சொல்லிவிடும்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடை தாக்போ தன் பெண்டாட்டி உசோமகாவின் துணியைத் துவைத்தான். வீட்டுக்குள் ஒளித்துவைத்துத் துவைத்திருந்தால் ஊர் கண்டும் காணாமல் விட்டிருக்கும். இவனோ நடுமுற்றத்தில் பெரிய அலுமினியச் சட்டியைப் போட்டு, நுரை முழங்கை வரை ஏற, விசிலடித்துக்கொண்டு துவைத்தான். பிறகு உசோமகாவின் இடுப்புத்துணி, மேல்சட்டை, தலைக்கட்டு என்று ஒன்று விடாமல் சாலையைப் பார்த்த கொடியில் காயப்போட்டான். எனுகு பஸ் டிரைவர்கள் வண்டியை மெதுவாக்கி, இதோ பாருங்கள் என்று பயணிகளுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு ஆம்பிளை இப்படிச் செய்தால் எங்கள் பக்கத்தில் ஒரே விளக்கம்தான்: பெண்டாட்டி குழம்பில் மருந்து வைத்துவிட்டாள். உசோமகா அதே முற்றத்தில் சாப்பாட்டுக் கடை வேறு நடத்தினாள். அவளுடைய கசப்புக்கீரைக் குழம்பையும் மரவள்ளிக் களியையும் தின்பதற்காக லாரிக்காரர்கள் புது ரோட்டை விட்டுப் பழைய ரோட்டில் வந்தார்கள். போதாதா? ஊரே மருந்து என்று முடிவு கட்டிவிட்டது. லாரிக்காரர்கள் மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள்.

தாக்போவின் அம்மா எகோயிபோ, கடைக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டில் தனியாக இருந்தாள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷம். யூஃபீமியாவின் படங்களைத் தட்டு கீறல் விழும்வரை பார்த்தவள். பார்த்ததையெல்லாம் வீட்டில் செய்தும் பார்த்தாள். மருமகளின் அகப்பையை ஒளித்துவைத்தாள், குழம்பில் கூட ஒரு கை உப்பைப் போட்டாள், வாசலில் கோழி இறகைப் புதைத்தாள். ஆசை இருந்ததே தவிர, கை வரவில்லை. உசோமகா புது அகப்பை வாங்கினாள், உப்புக் குழம்பில் தண்ணீர் ஊற்றினாள், இறகைத் தோண்டி எடுத்துக் காது குடைந்தாள். கடைசியில் எகோயிபோ பெரிய ஆயுதத்தையே எடுத்தாள். உமுஅடாவுக்கு ஆள் அனுப்பினாள்.

உமுஅடா என்றால் இந்த ஊரில் பிறந்து வேறு வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள். வந்த மருமகள்களுக்கு எல்லாம் மொத்தமாக நாத்தனார்கள். ஒரு நாத்தனாரைச் சமாளிப்பதே எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் கூட்டமாக வருவார்கள், ஒரே நிறத்தில் துணி கட்டியிருப்பார்கள், விவகாரம் தீரும்வரை எழுந்து போக மாட்டார்கள், அதுவரை அந்த வீடுதான் சோறு போட வேண்டும். அவர்கள் சொன்னதை மாற்ற ஊர்த்தலைவருக்கும் அதிகாரம் கிடையாது. குழம்பில் மருந்து இருந்தது என்று அவர்கள் சொல்லிவிட்டால், உசோமகா தன் பானை சட்டியோடு அப்பன் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். தாக்போ வாய் திறக்கவும் வழியில்லை. பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசினால், மருந்து பேசுகிறது என்பார்கள். பேசாமல் இருந்தால், மருந்து வாயைக் கட்டிவிட்டது என்பார்கள். முந்தின நாளே உசோமகா பானைகளைத் தேய்த்துச் சாக்கில் கட்டிவிட்டாள். ஒரே ஒரு பானைக் குழம்பை மட்டும் அடுப்பில் விட்டுவைத்தாள், லாரிக்காரர்கள் பாவம் என்று.

உமுஅடா வந்தது நாலு நாளைக்கு ஒரு முறை கூடும் எகே சந்தை நாளன்று. வந்து மரத்தடியில் பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவி ஒபிதியா, பெரிய உடம்புக்காரி, நடுப்பெஞ்சில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். அங்கேதான் முதல் சிக்கல். குற்றவாளி கையால் சமைத்ததை நீதிபதிகள் தின்ன முடியாது, மருந்து தின்றவர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஆகவே எகோயிபோ சமைத்தாள். எகோயிபோவின் சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, உறவு கெட்டுவிடும். ஒவ்வொருத்தியும் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, எனக்கு இன்றைக்கு விரதம் என்று கையைக் கழுவினாள். காற்று வீசும்போதெல்லாம் உசோமகாவின் அடுப்பிலிருந்து கசப்புக்கீரையும் செம்பனை எண்ணெயும் கலந்த வாசனை வந்து எல்லார் மூக்கையும் பிடித்து இழுத்தது. விரதக்காரிகள் எச்சில் விழுங்கினார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது முதலில் கீபோர்டுதான் கேட்டது. யாரோ ஜெனரேட்டர் போட்டுப் படம் பார்க்கிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு பாட்டு தெளிவாக வந்தது. “யூஃபீமியா, யூஃபீமியா, உன் டயரில் ஆணி, உன் வயிற்றில் பசி, போகாதே என்றால் கேட்டாயா” என்றது. அதற்குப் பின்னால் வெள்ளைக் கார் ஒன்று நொண்டிக்கொண்டு வந்து பஞ்சர் கடை முன்னால் நின்றது. அசாபாவில் படப்பிடிப்பு, எனுகுவிலிருந்து போகிற வழி. கறுப்புக் கண்ணாடியும் தலைத்துணியுமாக ஒரு பெண் இறங்கினார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றைத் துணியால் மூடினாள். வெங்காயக்காரி மட்டும் பயப்படவில்லை. நேரே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அந்தப் பச்சப்புள்ளையத் தூக்கி ஏன் கெணத்துல போட்ட?”

“அது பொம்மைங்க.”

“பொம்மைன்னா? அத மட்டும் யாரும் பெக்கலியா?”

யூஃபீமியா அம்மா தாக்போ பக்கம் திரும்பிக்கொண்டார். டயர் போட எவ்வளவு நேரமாகும் என்று மெதுவாகக் கேட்டார். ஸ்டெப்னியும் காற்றில்லாமல்தான் இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும், உட்காருங்கள் என்றான் அவன். உட்கார இருந்த இடம் உமுஅடாவின் பெஞ்சு ஒன்றுதான்.

ஒபிதியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு வந்த யோசனை வேறு எந்த ஊர்ப் பெண்களுக்கும் வந்திருக்காது. மாமியார் மருமகள் விவகாரத்தில் இத்தனை அனுபவம் உள்ள ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள், நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு ஓடியது. எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குள் எகோயிபோ ஓடிவந்து யூஃபீமியா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க செஞ்ச மாதிரியேதான் எல்லாம் செஞ்சேன். எறகு பொதைச்சேன், உப்பு போட்டேன். ஒண்ணும் பலிக்கல. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க.”

“நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரலியேம்மா. எழுதிக் குடுத்ததப் பேசினேன்.”

“அந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் புடிச்சது” என்றாள் எகோயிபோ. படத்தில் இவர் நடித்தது ஒருபோதும் அடக்கமான பாத்திரம் அல்ல என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

ஒபிதியா விவகாரத்தை எடுத்துச் சொன்னாள். மருந்தா இல்லையா என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “எத்தன மருமகளப் பார்த்த நாக்கு. உங்களையா ஏமாத்த முடியும்?” நான் அதற்குத் தகுதி இல்லை, என் தொழில் வேறு என்று யூஃபீமியா அம்மா சொல்லிப்பார்த்தார். ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. உசோமகா ஒரு பெரிய களி உருண்டையும் ஒரு கிண்ணம் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, பானைச் சாக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யூஃபீமியா அம்மா சாப்பிட்டார். ஊர் மொத்தமும் வாயைப் பார்த்தது. முதல் கவளத்தில் கண்ணை மூடினார். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. மீன் துண்டை எடுத்து முள்ளைச் சப்பினார், கிண்ணத்தை விரலால் வழித்தார். ஒரு ஏப்பம் வந்தது, வாயை மூடிக்கொண்டார். “என்ன டீச்சர், தெரியுதா?” என்று எகோயிபோ காதருகில் கேட்டாள். அவர் எழுந்தார். தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் டிரம் பக்கம் நடந்தார். குனிந்து, சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து, தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவர் அவர். தின்ற தட்டைத் தானே கழுவாவிட்டால் மறுநாள் சோறு கிடையாது என்று வளர்த்த பள்ளி. அரண்மனை விருந்துக்குப் போனாலும் அவர் கை தானாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழும். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு ஊர் கண்டது ஒன்றுதான். உலகத்திலேயே கொடுமையான மாமியார், உசோமகாவின் குழம்பைத் தின்ற கையோடு உசோமகாவின் பாத்திரத்தைக் கழுவுகிறாள். தன் தட்டு முடிந்ததும் பக்கத்தில் கிடந்த லாரிக்காரர்களின் எச்சில் தட்டுகளையும் எடுத்து வரிசையாகக் கழுவிக் கவிழ்த்தார். கூட்டம் தலையில் கைவைத்தது. இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? “இந்தம்மாவையே இப்படி ஆட்டிவெக்குதுன்னா, தாக்போ எம்மாத்திரம்?” என்றாள் ஒருத்தி. எகோயிபோ வெற்றியில் இரண்டு கையையும் தட்டினாள். ஒபிதியா தொண்டையைச் செருமித் தீர்ப்புச் சொல்ல எழுந்தாள். உசோமகா யார் முகத்தையும் பார்க்கவில்லை. அழவும் இல்லை. சாக்கின் வாயைப் பிடித்துச் சாலைப் பக்கம் இழுக்கத் தொடங்கினாள், உள்ளே பானைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தாக்போ கையில் டயரோடு அப்படியே நின்றான்.

அப்போதுதான் கீபோர்டு ஆரம்பித்தது. அதுவரை அந்தப் பாட்டு யூஃபீமியா அம்மாவையும் அவரோடு வந்தவர்களையும் பற்றியே பாடிவந்தது. எங்கள் ஊர்க்காரி பெயரை அது சொன்னது அன்றுதான் முதல் தடவை.

“எகோயிபோ, எகோயிபோ” என்றது. “குழம்பில் என்ன இருக்கிறது? கீரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, உப்பும் நீ போட்டதுதான்.”

கூட்டம் சிரித்தது. எகோயிபோ தன் செருப்பைக் கழற்றிப் பாட்டு வந்த திசையில் வீசினாள். அது கிளையில் மாட்டிக்கொண்டது. பாட்டு நிறுத்தவில்லை. கீபோர்டு மட்டும் கொஞ்சம் மெதுவானது.

“எகோயிபோ, எகோயிபோ, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஆற்றில் துணி அலசினாய். முட்டி வரை தண்ணீர், இடுப்பில் இன்னும் வலி. உன் புருஷன் கரையில் உட்கார்ந்து பனங்கள் குடித்தான். ஒரு வாளி தண்ணீர் அவன் உனக்குத் தூக்கியதில்லை. உன் மகன் காயப்போட்ட மருமகள் துணியைக் கதவிடுக்கில் பார்த்து நீ அழுதாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்து அழுதாய்.”

அவ்வளவுதான் பாடியது. எகோயிபோ ஒரு காலில் செருப்போடு நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். யூஃபீமியா அம்மா சாம்பல் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “எங்கூட வர்ற பாட்டுங்க அது. மன்னிச்சுக்கோங்க. என்னப் பத்தி இதவிட மோசமாப் பாடியிருக்கு” என்றார். எகோயிபோ தள்ளி உட்காரவில்லை.

உமுஅடா பெஞ்சுகளில் நெளிந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷனை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒபிதியாதான் முதலில் வாயைத் திறந்தாள். “என் வீட்டுக்காரருக்குத் தண்ணி எங்க இருக்குன்னே தெரியாது. செம்பு கைக்கு வரும், குடிப்பாரு.” இன்னொருத்தி தனக்குக் காய்ச்சல் கண்டபோது புருஷன் தன் சட்டையைத் துவைக்க வேறு வீட்டுக்குத் தூக்கிப்போனதைச் சொன்னாள். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. பேசிப் பேசி ஓய்ந்ததும் எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் உசோமகா பக்கம் திரும்பியது. தீர்ப்புச் சொல்ல வந்த கூட்டம் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“ஏண்டி பொண்ணு, மருந்து இல்லன்னா பின்ன எப்பிடிடி?” என்றாள் ஒபிதியா.

“நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி. ஒரு நாள் கையில தீக்காயம். அவரே தொவைச்சாரு. நல்லா வெளுத்திருக்குன்னு சொன்னேன். மறுவாரம் மறுபடியும் சட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பெஞ்சுகளில் பெருமூச்சு எழுந்தது. எல்லாருக்கும் பெரிய ஏமாற்றம். “மருந்துன்னாலும் எங்கயாவது வாங்கிக்கலாம்” என்றாள் ஒருத்தி. “அந்த மனுஷனப் பாத்து நல்லாருக்குன்னு சொல்றதுக்கு நான் எங்க போவேன்?” இருந்தாலும் நாலைந்து பேர் அடுப்படிக்குள் போய், எதற்கும் இருக்கட்டும் என்று உசோமகாவிடம் கீரையை எத்தனை தடவை கசக்கிப் பிழிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். விரதம் எல்லாம் அதோடு முறிந்தது. பானை காலியாகும்வரை உட்கார்ந்து தின்றார்கள், யூஃபீமியா அம்மாவுக்கு இரண்டாம் தடவையும் வைத்தார்கள். லாரிக்காரர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தின்று முடித்து ஒபிதியா தீர்ப்புச் சொன்னாள். உசோமகா சாக்கை அவிழ்க்கலாம். தாக்போ இனிமேல் எகே நாள்தோறும் அம்மா துணியையும் துவைக்க வேண்டும். குற்றம் எகோயிபோவின் செத்துப்போன புருஷன் மேல், அவன் ஒரு ஆடு அபராதம் கட்ட வேண்டும். செத்தவன் எப்படி ஆடு கட்டுவான் என்று அவன் பங்காளிகள் வந்து சண்டை போட்டார்கள். உடாலா மரத்தடியில் நின்றுதான் போட்டார்கள். கீபோர்டு மெல்ல ஆரம்பித்து மூத்த பங்காளியின் பெயரில் முதல் எழுத்தைச் சொன்னது. சாயங்காலத்துக்குள் நல்ல கொழுத்த ஆடு வந்து சேர்ந்தது.

டயர் தயாரானது. யூஃபீமியா அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு காரில் ஏறினார். வெங்காயக்காரி கடைசியாக ஒரு தடவை, அடுத்த படத்தில் அந்தக் குழந்தையைக் கிணற்றிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள், பார்க்கிறேன் என்றார் அவர். கார் கிளம்பிப் போனது, பாட்டு போகவில்லை. மரத்தடியிலேயே நின்றுவிட்டது. அதுவும்தான் எத்தனை காலம் அலையும், குழம்பு வாசனை பிடித்துப்போயிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அன்று சாயங்காலம் அந்தம்மா அசாபா சந்தையில் இறங்கி, பல வருஷத்துக்குப் பிறகு வெங்காயத்துக்குப் பேரம் பேசினாராம். பாதிக்கு மேல் அழுகல். வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனாராம். அதுவரை பின்னால் வந்த பாட்டையே படத்தில் போட்டுக்கொண்டிருந்த தயாரிப்பாளர்களுக்குத்தான் அவருக்காகப் புதிதாகப் பாட்டு எழுதி வாங்கவேண்டி வந்தது.

பாட்டோடு வாழப் பழகுவது எங்களுக்கு முதல் வருஷம்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. ரகசியம் பேச வேண்டியவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறார்கள். ஊராட்சித் தேர்தலுக்கு நின்ற ஒருவர் மைக்கைப் பிடித்து அன்பான மக்களே என்றதும் பாட்டு அவரை அவருடைய அம்மா கூப்பிடும் பெயரால் கூப்பிட்டது. மைக்கை அங்கேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினார், மைக் இன்னும் தாக்போவிடம் இருக்கிறது. பெண்பார்க்க வருகிறவர்களை முதலில் பஞ்சர் கடையில் உட்காரவைத்து ஒரு குளிர்பானம் வாங்கித்தருவது வழக்கமாகிவிட்டது. தாக்போவும் ஒட்டாத பஞ்சரை ஒட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாததால், இந்தச் சாலையிலேயே நம்பிக்கையான கடை என்று பெயர் வாங்கிவிட்டான். யூஃபீமியா வந்த அன்று எனக்கும் கைகொடுத்தாள், என் தோளைத் தொட்டுப் பேசினாள் என்று சொல்கிறவர்கள் வருஷாவருஷம் பெருகுகிறார்கள். மரத்தடியில் சொன்னால் மட்டும், நீ அன்றைக்கு ஒனிட்ஷாவில் கடன்காரனுக்கு ஒளிந்துகொண்டிருந்தாய் என்று பாட்டு திருத்திவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆமாம், ஒனிட்ஷாதான், மறந்துவிட்டேன் என்று சொல்லிக் குழம்பைத் தொடர்ந்து தின்பார்கள்.

எகோயிபோ முதல் எகே நாளன்று துணியைக் கொடுக்கவில்லை. எனக்குக் கை இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் எகே நாளன்றும் அப்படியே. அப்புறம் ஒரு நாள் காலை, அவளுடைய பழைய நீல இடுப்புத்துணி ஒன்று சுருட்டிப் பஞ்சர் கடை வாசலில் கிடந்தது. தாக்போ துவைத்தான். கிழித்துவிடப்போகிறான், அதற்காகத்தான் பார்க்கிறேன் என்று முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கறை போகவில்லை, பிழியத் தெரியவில்லை, சோப்பை இப்படியா கரைப்பது என்று முடியும்வரை திட்டினாள். எந்தக் கொடி என்று அவன் கேட்டபோது மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டு, சாலையைப் பார்த்த கொடியைக் கையால் காட்டினாள்.

இப்போது அவளுக்கு நடை தளர்ந்துவிட்டது. ஆனாலும் எகே நாளென்றால் காலையிலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். துணி காய்ந்த பிறகும் எடுக்கவிடுவதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் நீலத்துணி கொடியில் கிடந்தது, எனுகு பஸ் ஒன்று மெதுவாகிப் போனது. பாட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, மழை வரும், இதோ ஆற்றைத் தாண்டிவிட்டது என்று பாடியது. உசோமகா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“அத்தை, மழை வருதாம். துணிய எடுத்துடவா?”

“பாட்டு எனக்கும் கேக்குது. கெடக்கட்டும் விடு” என்றாள் எகோயிபோ. முதல் சொட்டு முக்காலியில் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“நனைஞ்சிடும் அத்தை.”

“நனையட்டுமே. மறுபடி தொவைப்பான்.”